பின்கட்டு ஆப்பிள் மரத்தில் மிசில்டோ: வெட்டுவதா, விடுவதா?

செவர்ன்கரை · நவம்பர் 26, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். தோட்டப் பிரிவில் இது என் முதல் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயரில், டென்பரி வெல்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்னால் இந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தபோதே பின்கட்டில் நாலு ஆப்பிள் மரங்கள் இருந்தன. எல்லாமே வயசான மரங்கள். கோடையில் இலை மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. இலை கொட்டியதும் பார்த்தால் ஒரு மரத்தில் மட்டும் ஏழு பச்சைப் பந்துகள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் காக்காய்க் கூடு என்றுதான் நினைப்பார்கள். அதுதான் மிசில்டோ, மரக்கிளையில் ஒட்டி வளரும் செடி. கிறிஸ்துமஸுக்கு இதை வீட்டில் தொங்கவிட்டு, கீழே நிற்பவரை முத்தமிடுவது இங்கே பழக்கம்.

முதல் இரண்டு குளிர்காலமும் அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் அந்த மரத்தில் ஒரு கிளை, கொத்து ஒட்டிய இடத்துக்கு அப்பால் முழுக்கக் காய்ந்துவிட்டது. காய்ப்பும் பாதிதான். தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாமரத்தில் இப்படி ஒன்று வந்தால் அப்பா "புல்லுருவி" என்று சொல்லி அன்றைக்கே ஆள் ஏற்றி அறுத்துப் போடுவார். அதே ஜாதிச் செடியை இங்கே கட்டுக் கட்டாகத் தரையில் வரிசை போட்டு ஏலம் விடுகிறார்கள்! டென்பரியில் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற ஏலம் அது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடக்கும். ஒரு வரிசை ஹாலி (முள் இலையும் சிவப்புக் காயும் உள்ள கிறிஸ்துமஸ் செடி), ஒரு வரிசை மிசில்டோ. எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்து எடுத்துப் போகிறார்கள்.

அரிவாளை எடுத்தால் என் மகள் (ஒன்பதாம் வகுப்பு) முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். "எல்லார் வீட்டிலும் காசு கொடுத்து வாங்குறாங்க, நீ வெட்டி எறியுறேங்கிற" என்கிறாள். எது சரி? மரம் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.


மாந்தோப்பு · நவம்பர் 26, இரவு 10:40

அக்கா, யோசிக்கவே வேண்டாம். வெட்டுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மா. பெங்களூராவும் அல்போன்சாவும். புல்லுருவி ஒட்டிய கொப்பு என்ன ஆகும் என்று சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். ஒட்டிய இடம் முதலில் முண்டு கட்டும். அதற்கு அப்பால் இலை சிறுக்கும், பூ குறையும், நுனி காயும். இரண்டு வருடம் பார்க்காமல் விட்டால் கொப்பே போய்விடும். அறுப்பு முடிந்து கவாத்து செய்யும்போது, ஒட்டிய இடத்திலிருந்து மரத்தைப் பார்க்க ஒரு அடி உள்ளே தள்ளி கொப்போடு எடுத்துவிடுவோம். செடியை மட்டும் முறித்தால் திரும்ப முளைக்கும். வெட்டு வாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுவோம்.

மரத்துக்கு அது பண்டிகைச் செடியா என்று தெரியாது.


இலைநரம்பு · நவம்பர் 27, காலை 6:05

இரண்டு பேருக்கும் வணக்கம். தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், கோவையில் இருக்கிறேன். மாந்தோப்பு தம்பி சொன்ன வேளாண்மை சரி. ஆனால் செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் நல்லது.

ஐரோப்பிய மிசில்டோவின் பெயர் விஸ்கம் ஆல்பம். நம் மாமரப் புல்லுருவி டெண்ட்ரோப்தோ ஃபால்கேட்டா. இரண்டும் ஒரே குடும்பம் இல்லை, ஆனால் ஒரே வரிசை (பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு). அந்த வரிசைக்குப் பெயரே சந்தன மரத்தை வைத்துத்தான். சந்தன மரமும் ஓர் அரை ஒட்டுண்ணிதானே. பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்துத்தான் அது வளர்கிறது. அதை நாம் நெற்றியில் பூசிக்கொள்கிறோம்!

"அரை ஒட்டுண்ணி" என்பதுதான் முக்கியம். மிசில்டோவுக்குப் பச்சையம் உண்டு, வெயிலில் தன் சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். மண்ணில் இறங்கும் வேர்தான் இல்லை. அதற்குப் பதிலாக உறிஞ்சு வேரைக் கிளைக்குள் இறக்கி, மரத்தின் நீர்க்குழாயிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. மரம் கோடையில் நீரைச் சேமிக்க இலைத்துளைகளை மூடும்போதும் இது அந்த அளவுக்கு மூடாது. அதனால்தான் வறட்சி வருடத்தில் மரத்துக்குப் பாரம் கூடுகிறது. காய்ந்த கிளைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தச் செடி எவ்வளவு தூரம் மரத்தைச் சார்ந்து வாழப் பழகிவிட்டது என்பதற்கு ஒரு செய்தி. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில் "காம்ப்ளெக்ஸ் ஒன்று" என்று ஒரு புரதத் தொகுதி உண்டு. வேலை அங்கேதான் தொடங்குகிறது. விஸ்கம் ஆல்பத்தில் அந்தத் தொகுதியே கிடையாது என்று 2018இல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பல செல் உயிரி ஒன்று அது இல்லாமல் வாழ்வது அதுவரை யாரும் அறியாதது. நான் வகுப்பில் முப்பது வருடம் "இது இல்லாமல் எந்தச் செடியும் விலங்கும் இல்லை" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படித்த அன்று தூக்கம் வரவில்லை.

இன்னொன்று, இதன் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனம் 2022இல் அதை வரிசைப்படுத்தி முடித்தது.

நாலு மரத்தில் ஒன்றில் ஏழு கொத்து என்றால் பயப்படும் அளவு இல்லை. ஒரு கேள்வி: ஏழிலும் வெள்ளைக் காய் இருக்கிறதா?


செவர்ன்கரை · நவம்பர் 27, மாலை 5:30

ஐயா, நன்றி. இருட்டுவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டில்தான் காய் இருக்கிறது, முத்து மாதிரி. மற்ற ஐந்தும் வெறும் இலை. இதில் ஏதாவது இருக்கிறதா?


குருவிச்சை · நவம்பர் 27, இரவு 8:15

தங்கச்சி, என்ர பெயரைப் பார்த்தாலே நான் ஆர் எண்டு தெரிஞ்சிருக்கும். யாழ்ப்பாணத்தில நாங்கள் இதைக் குருவிச்சை எண்டுதான் சொல்லுறது. குருவி கொண்டுவந்து ஒட்டுற செடி. நான் இப்ப முப்பது வருசமா ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்டுக்குக் கிட்ட இருக்கிறன்.

இஞ்ச ஊரைச் சுத்திப் பழைய பழமரத் தோட்டங்கள் கனக்க. புல்லுக்கு நடுவில ஆப்பிள், பேரி எண்டு தள்ளித் தள்ளி நிக்கிற உயரமான மரங்கள். முந்தி வீட்டுக்கு வீடு ஆள் ஏறி வெட்டித் திருத்துவினம். இப்ப கிழவன் கிழவிதான் மிச்சம், பிள்ளையள் நகரத்தில. பத்து வருசம் கவனிக்காமல் விட்ட தோட்டத்தைக் குளிர்காலத்தில வந்து பாருங்கோ. மரத்தில ஒரு சின்னக் கொப்பும் தெரியாது, முழுக்கக் குருவிச்சைதான். பச்சையா நிக்குதே எண்டு நினைச்சால் மரம் செத்துப்போய் நிக்கும். இயற்கை பேணுற சங்கங்களே இஞ்ச "வெட்டுங்கோ" எண்டு சொல்லினம். அதால முழுக்க விடுறது பிழை.

முழுக்க அழிக்கிறதும் பிழை எண்டுதான் எனக்குப் படுது. ஆனால் அதை ஏன் எண்டு சொல்லத் தெரியேல்ல. படிச்ச ஆக்கள் சொல்லட்டும்.


ஏட்டுமூலை · நவம்பர் 28, காலை 11:20

மகளுக்காக இந்தக் கதைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், பழைய புராணங்கள் படிப்பதில் பைத்தியம் எனக்கு.

பழமையான எழுத்துச் சான்றுகளில் ஒன்று ரோமானியர் பிளினியுடையது, முதல் நூற்றாண்டு. 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) என்ற நாட்டில் துரூயிடு பூசாரிகள் ஓக் மரத்தில் வளர்ந்த மிசில்டோவை எல்லாவற்றையும்விடப் புனிதமாக நினைத்தார்கள் என்கிறார். ஆறாம் பிறை அன்று வெள்ளை ஆடை உடுத்த பூசாரி மரமேறிப் பொன் அரிவாளால் அறுப்பார், கீழே வெள்ளைத் துணியில் ஏந்துவார்கள், இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுப்பார்கள். மண்ணைத் தொடாமல் வானத்திலிருந்து வந்த செடி என்ற எண்ணம் அவர்களுக்கு.

ஓக்கில் ஏன் புனிதம்? ஓக்கில் அது மிக மிக அரிது. ஆப்பிள், லைம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் மரம்), பாப்லர், ஹாதார்ன் இவற்றில்தான் சர்வசாதாரணமாக வரும். இந்த இடத்தில் எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. நம் மருத்துவ, மாந்திரிக ஏடுகளிலும் புல்லுருவிக்குத் தனி மதிப்பு கிடையாது, எந்த மரத்துப் புல்லுருவி என்பதில்தான் எல்லாம். இரண்டு சமூகமும் ஒன்றை ஒன்று அறியாமலே செடியை விட்டுவிட்டு அது உட்கார்ந்த மரத்தைப் பார்த்திருக்கின்றன.

அடுத்தது வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணக் கதை. ஃப்ரிக் தேவி தன் மகன் பால்டருக்கு எதனாலும் கேடு வரக் கூடாது என்று உலகத்தில் இருக்கிற எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். மிசில்டோ மட்டும் ரொம்ப இளசு என்று விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்கார லோகி அதைத் தெரிந்துகொண்டு, பார்வையற்ற ஹோதர் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்து எறியச் செய்கிறான். பால்டர் செத்துவிழுகிறான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்ற எழுத்தாளர் இதை எழுதிவைத்தார்.

இணையத்தில் பாதிப் பேர் இதன் முடிவாக ஒன்று சேர்ப்பார்கள்: தாயின் கண்ணீர்தான் வெள்ளைக் காய் ஆனது, மகன் உயிர்த்தெழுந்தான், அந்த மகிழ்ச்சியில் கீழே வந்தவர்களை எல்லாம் அவள் முத்தமிட்டாள் என்று. ஸ்னோரியில் அப்படி ஒரு வரி கிடையாது. பின்னாளில் யாரோ இனிப்புப் பூசியது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். மூலக்கதை துக்கமானது, துக்கமாகவே நல்ல கதை.


லாஷப்பெல் · நவம்பர் 28, மதியம் 2:02

பாரிஸில் இருந்து. இங்கே இது புத்தாண்டுச் செடி. டிசம்பர் கடைசியில் பூக்கடை, சந்தை எல்லாவற்றிலும் "கீ" என்று விற்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் அதன் கீழே நின்று இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வாழ்த்துவார்கள். அது அதிர்ஷ்டத்துக்கு. பாட்டி, தாத்தா, பிள்ளைகள் எல்லாரும் செய்வது.


செவர்ன்கரை · நவம்பர் 28, இரவு 9:50

ஏட்டுமூலை, உங்கள் பதிவை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பால்டர் கதை கேட்டு அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அவள் இதை வாசலில் கட்ட ஆசைப்படுகிறாள். ஆனால் போன வருடம் ஒரு வீட்டு விருந்தில், கீழே நின்ற ஒரு பெண்ணைப் பெரிய பையன் ஒருவன் கட்டாயப்படுத்தி முத்தமிட்டதையும் சுற்றி எல்லாரும் கைதட்டியதையும் அவளே வந்து சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதாளாம். "மறுத்தால் ஒரு வருடம் துரதிர்ஷ்டம்" என்று யாரோ சொன்னார்களாம். இதைத்தான் வீட்டில் தொங்கவிட வேண்டுமா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.


ஏட்டுமூலை · நவம்பர் 29, காலை 10:30

நியாயமான கலக்கம். முத்தப் பழக்கத்தின் வயசைச் சொல்கிறேன், அது உதவலாம்.

துரூயிடு காலத்திலிருந்து வருகிறது என்பார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. ஆங்கிலத்தில் மிசில்டோவுக்குக் கீழே முத்தம் என்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 1784இல் வந்த ஒரு மேடைப் பாட்டு. ஆக இருநூற்றைம்பது வருடத்துக்கு உள்ளேதான் நமக்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820இல் இங்கிலாந்துக் கிறிஸ்துமஸைப் பற்றி எழுதியபோது ஒரு விதியைக் குறித்துவைத்தார்: முத்தமிடும் இளைஞன் ஒவ்வொரு முறையும் ஒரு காயைப் பறிக்க வேண்டும். காய் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது.

அதாவது அந்தப் பழக்கத்துக்குள்ளேயே ஓர் அளவு இருந்திருக்கிறது. அளவை மறந்துவிட்டு உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெண்ணின் சம்மதம் அந்தப் பழைய விதியிலும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் விதியை நீங்கள் வைக்கலாம். லாஷப்பெல் சொன்ன பாட்டி கன்னத்து முத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய நாளில் தேவாலயத்துக்குள் இதைப் பெரும்பாலும் விடமாட்டார்களாம், பழைய மதத்துச் செடி என்று. யார்க் பேராலயத்தில் மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பலிபீடம்வரை எடுத்துப்போய், நகரத்தின் எல்லா வாசலிலும் பொது மன்னிப்பு அறிவிப்பார்கள் என்று 18ஆம் நூற்றாண்டில் ஸ்டுக்லி என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். அந்தச் செடியின் பெயரில் ஒரு நகரமே மன்னிப்பு வழங்கியிருக்கிறது.


இரவுப்பணி · நவம்பர் 29, மதியம் 1:15

மருத்துவமனையில் செவிலியாக வேலை செய்கிறேன். ஒன்று மட்டும். காயும் இலையும் நச்சு. ஒன்றிரண்டு காய் விழுங்கிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வயிற்று வலி, வாந்தியோடு போய்விடும். ஆனாலும் உதிர்ந்த காயைக் குழந்தையும் நாயும் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இலையில் டீ போட்டுக் குடிக்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கம் இதன் சாற்றைப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடுகிற வழக்கம் நூறு வருடமாக இருக்கிறது, ஆனால் புற்றைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்திய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.


மாந்தோப்பு · நவம்பர் 29, இரவு 9:00

எல்லாம் படித்தேன். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அக்கா கேட்டது மரத்தைப் பற்றி. குருவிச்சை அண்ணன் "முழுக்க அழிப்பதும் பிழை" என்றாரே, அதற்கு யாராவது காரணம் சொல்லுங்கள். இருந்து என்ன நன்மை?


ஆல்பரிவாசி · நவம்பர் 30, காலை 4:40

நான் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் தெற்கு எல்லையில் இருக்கிறேன். இங்கே யூகலிப்டஸ் மரங்களில் மிசில்டோ ஏராளம். விவசாயிகள் இதே மாதிரி "வெட்டு" என்றுதான் சொல்வார்கள்.

டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளர் எங்கள் ஊருக்கு வடக்கே பில்லபாங் ஓடைப் பகுதியில் துணிந்து ஒரு காரியம் செய்தார். துண்டு துண்டாக இருந்த 17 காட்டுத் திட்டுகளில் மிசில்டோ அனைத்தையும் வெட்டி எடுத்துவிட்டார், மற்ற திட்டுகளை அப்படியே விட்டார். மூன்று வருடம் கழித்து எண்ணிப் பார்த்தார். 2012இல் முடிவு வந்தது. வெட்டிய திட்டுகளில், காட்டையே நம்பி வாழும் பறவை இனங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது.

எல்லாரும் எதிர்பார்த்தது, பழம் தின்னும் குருவிதான் போகும் என்று. அதைவிடப் பெரிய இழப்பு தரையில் பூச்சி பொறுக்கும் பறவைகளில். ஏன் தெரியுமா? மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருந்த சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிசில்டோ அப்படி மிச்சம் பிடிக்காது, சத்தோடு இலையைக் கீழே போடும். அந்தக் குப்பையில் பூச்சி பெருகும், பூச்சியைத் தேடிப் பறவை வரும். மேலே உறிஞ்சியதைக் கீழே பலபேருக்குப் பந்தி வைக்கிற மாதிரி. அந்தத் திட்டுகளில் சிலவற்றை நான் நடந்து பார்த்திருக்கிறேன். காலையில் சத்தம் குறைவு என்பது காதுக்கே தெரிந்தது.

பக்கத்து நியூசிலாந்தில் சிவப்புப் பூப் பூக்கிற ஒரு மிசில்டோ இனம் இருந்தது. கடைசியாகப் பார்த்தது 1954இல். இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை.


மாந்தோப்பு · நவம்பர் 30, காலை 8:20

அண்ணே, மனசில் பட்டது. ஆனால் அது காடு. என் தோப்பில் ஒரு கொப்பு போனால் அந்த வருட வட்டி போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.


இலைநரம்பு · நவம்பர் 30, மாலை 6:45

தம்பி சொல்வது நியாயம். தோப்புக்கும் காட்டுக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஆனால் உங்கள் தோப்பிலேயே யார் யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்று சொல்கிறேன், அடுத்த முறை கவனியுங்கள்.

நம் புல்லுருவியின் பூ குழல் போல இருக்கும், ஆரஞ்சு கலந்த சிவப்பு. பூங்கொத்தி என்று கட்டைவிரல் அளவே உள்ள ஒரு குருவி அதன் தேனைக் குடிக்கும், பழத்தையும் விழுங்கும். விதையைச் சுற்றி இருக்கிற பசை செரிக்காது. எச்சம் வாலில் ஒட்டிக்கொண்டு தொங்கும், குருவி கிளையில் பின்புறத்தைத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். அதுதான் நடவு. நீலகிரியில் பிரியா தாவிதார் இதை விரிவாக ஆராய்ந்து, பூங்கொத்தி நாடும் சில புல்லுருவிகளில் பூ மொட்டும் பழமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை 1983இல் எழுதினார். பழம் தேடி வரும் குருவி மொட்டையும் கொத்தித் திறந்துவிடும், மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும்.

அடிப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ஜெஸபெல் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் புழு தின்பது இந்த இலையைத்தான். நாம் "புல்லுருவி" என்று மனிதரைத் திட்டுகிறோம். அந்தச் செடியைப் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்த பிறகு என்னால் அந்தச் சொல்லை வசவாக எடுக்க முடியவில்லை.

இங்கிலாந்திலும் இதே கூட்டு உண்டு. மிசில் பூங்குருவி என்று ஒன்று, காய் உள்ள மரத்தைக் குளிர்காலம் முழுக்க மற்ற பறவைகளை விரட்டிக் காவல் காக்கும். இன்னொன்று பிளாக்கேப். ஆணுக்குக் கறுப்புத் தொப்பி, பெண்ணுக்குச் செம்பழுப்புத் தொப்பி. முன்பெல்லாம் குளிருக்குத் தெற்கே போய்விடும். 1960களிலிருந்து மத்திய ஐரோப்பாவில் பிறந்தவை குளிர்காலத்துக்கு இங்கிலாந்து வருவது கூடியிருக்கிறது. இது சதையை மட்டும் தின்றுவிட்டு, அலகில் ஒட்டும் விதையைக் கிளையில் துடைத்துவிடும். விதைப்பதில் பூங்குருவியைவிடக் கெட்டிக்காரி.

செவர்ன்கரை அம்மா, காய் பற்றி நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. மிசில்டோவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. காய் பெண்ணில் மட்டும்தான்.


செவர்ன்கரை · டிசம்பர் 1, காலை 9:10

ஐயா! இன்றைக்கு அதையேதான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை, உடனே எழுதுகிறேன்.

எண்பது வயசு அவருக்கு. வேலி ஓரம் நின்று மரத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்னால் இருந்தவர்கள் டிசம்பரில் எதை வெட்டினார்கள் தெரியுமா?" எனக்கு என்ன தெரியும். அவரே சொன்னார். காய் இருப்பதற்குத்தான் ஏலத்தில் விலை. அதனால் எல்லாரும் வருடா வருடம் பெண் கொத்தைத் தேடித் தேடி நறுக்குவார்கள். ஆண் கொத்தை யாரும் தொடமாட்டார்கள், அது பத்து இருபது வருடம் கேட்பாரற்றுப் பெருத்துக்கொண்டே போகும். கடைசியில் மரத்தைச் சாய்ப்பது அந்தக் காயில்லாத கொத்துகள்தான் என்றார். என் மரத்தில் ஐந்துக்கு இரண்டு! காய்ந்த கிளையில் இருப்பதும் காயில்லாததுதான், இப்போதுதான் போய்ப் பார்த்துவந்தேன்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்தச் சரிவு முழுக்க ஆப்பிள் தோட்டமாம். எல்லா மரத்திலும் ஒன்றிரண்டு கொத்து இருக்கும், யாரும் பயந்ததில்லை, ஏனென்றால் கிறிஸ்துமஸ் செலவுக்காக எல்லாரும் வெட்டினார்கள். தோட்டங்களை அழித்து உழுதுவிட்டார்கள், மிஞ்சிய மரங்களில் ஏற ஆளில்லை. பக்கத்து ஹெரிஃபோர்ட்ஷயருக்கு 2002இல் நடந்த வாக்கெடுப்பில் மாவட்டப் பூவாகத் தேர்ந்தெடுத்தது இந்த மிசில்டோவைத்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

நான் இத்தனை நாளும் பண்டிகையையும் மரத்தையும் எதிரும் புதிருமாக வைத்தல்லவா யோசித்தேன். பண்டிகைக்கு வெட்டியதுதான் மரத்தையும் காப்பாற்றியிருக்கிறது.


குருவிச்சை · டிசம்பர் 1, இரவு 7:35

ஓம் தங்கச்சி, இதுதான் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது. எங்கட பக்கமும் அதேதான். வெட்டுற கை போனாப் பிறகுதான் குருவிச்சை கொலைகாரன் ஆச்சுது. ஆண் கொத்தைக் கட்டாயம் வெட்டுங்கோ. ஆனால் ஐந்தையும் எடுத்துப்போடாதேங்கோ, ஆண் இல்லாட்டில் பெண்ணில காய் பிடிக்காது.


மாந்தோப்பு · டிசம்பர் 1, இரவு 9:25

இது எனக்கும் புதுச் செய்தி. ஒரு சந்தேகம் அக்கா: காயில்லாதது எல்லாம் ஆணா? இளசாகவும் இருக்கலாம் அல்லவா?


இலைநரம்பு · டிசம்பர் 2, காலை 6:15

நல்ல கேள்வி தம்பி. விதை முளைத்துக் காய் வர நாலைந்து வருடமாவது ஆகும். வயசைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. இந்தச் செடி வருடத்துக்கு ஒரு முறைதான் கவைவிடும். நுனியிலிருந்து அடிவரை கவைகளை எண்ணினால் தோராயமான வயசு. ஆணா பெண்ணா என்று உறுதியாகப் பார்க்க பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும்வரை பொறுக்க வேண்டும். ஆண் பூ கொஞ்சம் பெரிது, உள்ளே மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். பெண் பூ ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வெட்டுவதைப் பறவைகள் கூடு கட்டும் முன் முடித்துவிடுங்கள்.


செவர்ன்கரை · பிப்ரவரி 23, மாலை 4:50

இழையை மேலே கொண்டுவருகிறேன், சொன்னபடி எழுத வேண்டும் என்று.

டிசம்பரில் காயுள்ள கொத்திலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து வாசலில் கட்டினோம். மகள் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: "கேட்டுவிட்டு. கன்னத்தில். ஒரு காய்." பக்கத்துப் பெரியவர்தான் முதலில் வந்து காய் பறித்தார், தன் மனைவிக்காக.

போன வாரம் பூத்தது. ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்தில் நாலு ஆண், ஒன்று இளம் செடி, இன்னும் பூக்கவே இல்லை. காய்ந்த கிளையை, மாந்தோப்பு சொன்னபடி ஓரடி உள்ளே தள்ளிக் கிளையோடு அறுத்தேன், அதில் இருந்த ஆண் கொத்தும் போயிற்று. இன்னொரு ஆண் கொத்தையும் கிளையோடு எடுத்தேன். மற்ற இரண்டில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தேன், ஒன்றைத் தொடவில்லை. அறுத்த பெரிய கொத்தில் கவையை மகள் எண்ணினாள். பதினாறு. அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண் கொத்தில் மிச்சம் இருந்த காய்களை நசுக்கி, வேலியில் இருக்கிற ஹாதார்ன் செடிக் கிளைகளில் விதையை ஒட்டிவைத்தோம். கிறிஸ்துமஸ் காய் காய்ந்துபோயிருக்கும், இந்தப் பருவத்தில் பறித்ததுதான் முளைக்கும் என்றார் பெரியவர். விரலில் ஒட்டிய பசை கழுவக் கழுவப் போகவில்லை. நூல் மாதிரி இழுத்துக்கொண்டே வருகிறது.

இன்று காலை செம்பழுப்புத் தொப்பியோடு ஒரு குருவி, குறைத்துவிட்ட மரத்தில் உட்கார்ந்து அலகை இப்படியும் அப்படியுமாகக் கிளையில் தேய்த்துக்கொண்டிருந்தது. ஐயா, நீங்கள் சொன்ன அதேதான்.


மாந்தோப்பு · பிப்ரவரி 23, இரவு 10:30

ரொம்ப சந்தோஷம் அக்கா. வெட்டு வாயில் என்ன பூசினீர்கள்?


செவர்ன்கரை · பிப்ரவரி 24, காலை 8:05

ஒன்றும் பூசவில்லை தம்பி. இங்கே பூச வேண்டாம் என்கிறார்கள். வழுவழுப்பாக, கிளைக் கழுத்தை (கிளை தண்டோடு சேரும் தடித்த இடம்) ஒட்டி அறுத்துவிட்டால் மரமே மூடிக்கொள்ளுமாம். கோடையில் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.